பழைய உருண்டை தெர்மோஸ்டாட்டை மாற்றணும், சி வயர் (தெர்மோஸ்டாட்டுக்கு இடைவிடாமல் கரன்ட் கிடைக்கச் செய்யும் வயர்) இல்லை. சுவரை உடைக்கணுமா?

எடிசன்வாசி:
நியூஜெர்சி வீடு. கேஸ் ஃபர்னஸ், வெளியே ஏசி. ஹாலில் ஹனிவெல்லின் பழைய உருண்டை மாடல், உள்ளே பாதரசக் குப்பி. நாலே வயர்: சிவப்பு ஆர் (கரன்ட்), வெள்ளை டபிள்யூ (ஹீட்டிங்), மஞ்சள் ஒய் (கூலிங்), பச்சை ஜி (ஃபேன்). ஈகோபீ என்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் போட சி வேண்டுமாம். நெஸ்ட் என்ற இன்னொன்று சி இல்லாமலே ஓடும் என்கிறார்கள். எதை வாங்க?

செப்புக்கம்பி:
வாங்குவதற்கு முன்னால் பிரேக்கரையும் ஃபர்னஸ் பக்கத்து சுவிட்சையும் அணைத்துவிட்டு, சுவரில் இருக்கும் அடித்தட்டைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். ஐந்து வயர் கேபிளைப் போட்டு நாலை மட்டும் இணைத்துவிட்டு, நீலத்தை உறைமேல் சுற்றி விட்டிருப்பது சகஜம். இருந்தால் வேலை முடிந்த மாதிரி: கீழே ஃபர்னஸ் போர்டில் (உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில்) அதே நீலத்தை சி-யில் செருகுங்கள். அந்த சி-யில் ஏற்கெனவே ஒரு வயர் இருக்கும். அது வெளியே ஏசிக்குப் போவது, அதை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஃபேன் சுற்றும், கம்ப்ரஸர் வராது.

நிறத்தை நம்ப வேண்டாம். எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று இரண்டு முனையிலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்ட்_பித்தன்:
நீலம் இல்லாவிட்டாலும் சுவரை உடைக்க வேண்டாம். ஈகோபீக்கு பெக் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. பல மாடல்களோடு சேர்ந்தே வரும், அட்டையில் பார்த்து வாங்குங்கள். ஃபர்னஸில், நாலு வயரும் பெக்குக்குள் போகும். பெக்கிலிருந்து ஐந்து வயர் போர்டின் ஆர், சி, டபிள்யூ, ஒய், ஜி-க்கு வரும். எல்லாரும் தப்பு செய்வது மேலே தெர்மோஸ்டாட் பக்கம்தான்: பச்சை ஜி-க்குப் போகாது, சி-க்குப் போகணும். மஞ்சள் ஒய்-க்கு அல்ல, பெக் என்று எழுதிய இடத்துக்கு. சிவப்பு Rc என்று எழுதிய இடத்துக்கு, வெள்ளை W1-க்கு.

நெஸ்ட் சி இல்லாமல் ஓடும் என்பது பாதி உண்மை. ஹீட்டிங், கூலிங் சர்க்யூட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் இழுத்து பேட்டரியை ஏற்றிக்கொள்கிறது. சில போர்டுகள் அந்தக் கசிவைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ரிலேயை (போர்டில் இருக்கும் மின்சுவிட்சை) டிக் டிக் என்று தட்டும். ஹீட்டரும் ஏசியும் ஓடாத வசந்தகாலத்தில் பேட்டரி இறங்கிவிடவும் கூடும். எந்த பிராண்டு ஆனாலும் சி போட்டுவிடுவதே நல்லது.

எடிசன்வாசி:
நீலம் இருக்கிறது! ஆனால் ஃபர்னஸ் பக்கம் நீலமே காணோம்.

செப்புக்கம்பி:
அங்கே உறையோடு ஒட்ட வெட்டியிருப்பார்கள். வெளி உறையை ஒரு அங்குலம் கீறி உரியுங்கள், வெளியே வரும். எட்டாவிட்டால் 18 கேஜ் வயர் துண்டு ஒன்றைச் சேர்த்து வயர் நட் (முனைகளை முறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் மூடி) போடுங்கள்.

மூணு_ஆம்ப்:
மாட்டியும் திரை கறுப்பாகவே இருந்தால் முதலில் ஃபர்னஸ் கதவு சரியாக மூடியிருக்கிறதா பாருங்கள். கதவு சுவிட்ச் அழுந்தாவிட்டால் போர்டுக்குக் கரன்ட் வராது. அடுத்து போர்டில் இருக்கும் ஃபியூஸ்: கார் ஃபியூஸ் மாதிரி, 3 அல்லது 5 ஆம்ப். மின்சாரத்தை அணைக்காமல் வேலை பார்க்கும்போது ஆர், சி ஒரு நொடி உரசினாலே போய்விடும். போன அளவையே திரும்பப் போடுங்கள், பெரிதாகப் போட்டால் அடுத்த தடவை டிரான்ஸ்ஃபார்மர் கருகும். மல்டிமீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டில் வைத்து ஆர்-க்கும் சி-க்கும் நடுவே அளந்தால் 24-லிருந்து 28 வரை காட்டணும்.

வடக்குவாசல்:
இடையில் ஒரு கேள்வி. என் அறையில் தடித்த வயர் இரண்டுதான், சுவரடியில் பொருத்திய மின்சார பேஸ்போர்டு ஹீட்டர். இதே முறையா?

மூணு_ஆம்ப்:
இல்லவே இல்லை. அது 120 அல்லது 240 வோல்ட். ஈகோபீ, நெஸ்ட் இரண்டுமே 24 வோல்ட் சாமான்கள், மாட்டினால் எரியும். மைசா தெர்மோஸ்டாட் போல லைன் வோல்டேஜுக்கென்றே (வீட்டு நேரடி மின்சாரத்துக்கு) செய்ததைப் பாருங்கள், அதையும் எலக்ட்ரீஷியனை வைத்து.

பேஸ்மென்ட்_பித்தன்:
எடிசன்வாசிக்கு: வயர் வரும் சுவர் ஓட்டையை புட்டியால் அடைத்துவிடுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று சென்சாரில் பட்டால், அறை சூடாக இருந்தும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய உருண்டையைக் குப்பையில் போடாதீர்கள். குப்பி உடையாமல் முழுசாகவே உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.