தங்கள் மனநோயைத் தாங்களே எழுதியவர்கள்: உங்களுக்கு யார் கைகொடுத்தார்கள்?

எனக்கு பைபோலார் (மனம் ஒரு சமயம் எல்லை மீறிப் பறக்கும், இன்னொரு சமயம் அடியோடு சோர்ந்து விழும் நோய்) என்று டாக்டர் சொன்னபோது நோயைவிட மாத்திரைக்குத்தான் அதிகம் பயந்தேன். அதற்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிட்டால் மண்டை மழுங்கிவிடும், அப்புறம் ஒரு வரி எழுத வராது என்று யார் யாரோ சொல்லியிருந்தார்கள் (அவர்களில் ஒருவரும் அதைச் சாப்பிட்டவரில்லை). அந்தச் சமயத்தில்தான் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனைப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர், இந்த நோயையே ஆராய்ச்சி செய்கிறவர், தனக்கும் அது இருப்பதை 1995-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

அவருடைய துயரம் என்னை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இத்தனை படித்தவர், மருந்தின் அருமை தெரிந்தவர், தானே லித்தியத்தை நிறுத்திவிட்டு மறுபடி விழுந்ததை மழுப்பாமல் சொல்கிறார் பாருங்கள், அதுதான் உலுக்கியது. மனம் தலைகால் புரியாமல் பறந்த நாட்களை விட மனசில்லை என்கிறார். அதோடு, டோஸ் அதிகமாக இருந்த வருடங்களில் அவரால் ஒரு புத்தகத்தை முழுதாகப் படிக்க முடியவில்லை, அளவைக் குறைத்த பிறகே வாசிப்பு திரும்பியிருக்கிறது. இதைப் படித்த தைரியத்தில்தான் நானும் டாக்டரிடம் "படித்தால் எதுவும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது" என்று வாய்திறந்தேன். அவர் என் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மெதுவாகக் குறைத்தார். நாமாகக் குறைக்கக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பும், கூடினால் விஷம், இரண்டுக்கும் நடுவில் இடம் குறைவு.

~

மேலே எழுதிய நண்பருக்கு மருந்து கைகொடுத்தது, சந்தோஷம். என் தம்பி கதை வேறு, அதனால் எனக்கு ஜேனட் ஃபிரேம்.

நியூசிலாந்து எழுத்தாளர். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று முத்திரை குத்தி வருடக்கணக்கில் மனநல மருத்துவமனைகளில் வைத்திருந்தார்கள், மின்அதிர்ச்சி கொடுத்தார்கள், கடைசியில் மூளையில் அறுவை செய்யவும் முடிவாகிவிட்டது. அவருடைய முதல் கதைத் தொகுப்புக்குப் பரிசு கிடைத்த செய்தி வந்து, அதனால் அறுவை நின்றது! பிற்பாடு லண்டனில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, அவருக்கு அந்த நோய் இருந்ததே இல்லை என்றார்கள். நோய்தான் அவரை எழுத்தாளர் ஆக்கியது என்று சிலாகிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தம்பி இதைப் படித்துவிட்டு, புது டாக்டரிடம் போனபோது பழைய ஃபைலை எடுத்துவர வேண்டாம், முதலில் நான் சொல்வதைக் கேட்கட்டும் என்றான். கேட்டார். ஃபைலை அப்புறம்தான் வாங்கிப் பார்த்தார். நோயின் பெயர் மாறியது, மாத்திரையும் மாறியது, இப்போது ராத்திரியில் தூங்குகிறான்.