பாலைவனத்தின் மேல் தூசி நிற்கிறது, ஆனால் சாட்டிலைட் படத்தில் தெரியவில்லையே, ஏன்?

வடக்குசைட்:
குவைத்தின் வடக்கே, இராக் எல்லையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி வேலை பார்க்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் போனில் இரண்டு சாட்டிலைட் படம் பார்ப்பேன். ஒன்று நம் கண்ணால் பார்ப்பது போன்ற சாதாரணக் கலர் படம், இன்னொன்று தூசியை ரோஸ் நிறத்தில் காட்டுகிற படம். போன வாரம் இரண்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை, தரை எப்போதும் போல வெளிர் பழுப்பாக இருந்தது. நம்பி ஆட்களைச் சாரத்தில் ஏற்றிவிட்டேன். எட்டு மணிக்கெல்லாம் கிரேனின் முனையே தெரியவில்லை, எல்லோரையும் அவசரமாக இறக்கினோம், வீசிங் உள்ள ஒரு தம்பிக்கு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. அந்த நாளிலிருந்து மனசு சரியில்லை. படம் பொய் சொல்லுமா, இல்லை எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? காற்றில் தூசி எவ்வளவு என்பதற்கு ஏஓடி என்று ஒரு எண் போடுகிறார்களே, அதை வைத்து வேலையை நிறுத்தலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்_தொலையுணர்வு:
முதலில் ஒன்று கேட்கிறேன், அந்தக் கலர் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று பார்த்தீர்களா? டெரா, அக்வா போன்ற துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் ஒரு இடத்தைப் பகலில் ஒரு முறைதான் கடக்கும், டெரா முற்பகலில், அக்வா பிற்பகலில். விடியற்காலை ஐந்தரைக்கு உங்கள் போனில் இருந்தது அநேகமாக முந்தின நாள் படம். இன்றைய காற்றுக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

அடுத்தது நிறம். தார் ரோட்டில் கொட்டிய கோலமாவு பளிச்சென்று தெரியும், கோலமாவு மூட்டைமேலேயே ஒரு பிடியைத் தூவினால் தெரியுமா? பாலைவனத்தின் மேல் தூசி அப்படித்தான், மணலும் வெளிச்சமாக இருக்கிறது, அதன்மேல் மிதப்பதும் அதே மண். அதே தூசி வளைகுடாக் கடல்மேல் போனதும் இருண்ட தண்ணீர்மேல் கோடு போட்டது போலத் தெரியும், அதனால் கலர் படத்தில் தரையை விட்டுவிட்டுக் கடலைப் பாருங்கள். டெரா, அக்வாவில் உள்ள மோடிஸ் கருவியின் பழைய கணக்கீட்டு முறைக்கே இந்தச் சிக்கல் இருந்தது, இருண்ட நிலமும் கடலும் இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும், சஹாராவும் அரேபியாவும் வரைபடத்தில் வெற்றிடமாகவே கிடக்கும். 2004 வாக்கில் நாசாவின் கிறிஸ்டினா சூ குழு டீப் ப்ளூ என்ற முறையைக் கொண்டுவந்தது. மணலில் உள்ள இரும்பு ஆக்சைடு நீல ஒளியை உறிஞ்சிவிடும், அதனால் 412 நானோமீட்டர் போன்ற ஆழ்ந்த நீலத்தில் பாலைவனமே இருண்டு தெரியும், அந்த இருட்டுமேல் தூசியை அளக்கலாம். இந்த யோசனையை முதல் முறை படித்தபோது அசந்துபோனேன், புதுக் கருவி எதுவும் ஏவாமல் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த கருவியின் இன்னொரு அலைநீளத்தை எடுத்தே பாதி உலகத்தின் பாலைவனங்களைத் திறந்துவிட்டார்கள்.

மேகலா_வானிலை:
ரோஸ் படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அது மெட்டியோசாட் செயற்கைக்கோளின் படம், ஒரே இடத்தில் நின்று 15 நிமிடத்துக்கு ஒன்று எடுக்கும், வெப்ப அகச்சிவப்பு என்பதால் இரவிலும் கிடைக்கும். 8.7, 10.8, 12 மைக்ரான் என்று மூன்று அலைநீளங்களின் வெப்பநிலையைக் கழித்துப் பார்த்து நிறம் கொடுக்கிறார்கள். தூசியில் உள்ள சிலிகேட் 12 மைக்ரானைவிட 10.8இல் அதிகம் உறிஞ்சும், பனித்துகள் மேகத்தில் இது நேர்மாறு, அந்த வித்தியாசம்தான் ரோஸ் நிறமாக வருகிறது. பகலில் தரை கொதிக்கும்போது மேலே உள்ள தூசி குளிர்ச்சி, அதனால் நன்றாகப் பிரிந்து தெரியும். விடியற்காலையில் தரையும் ஆறிப்போய்க் கிடக்கும், தூசி தரையை ஒட்டி இருந்தால் இரண்டுக்கும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறம் மங்கிவிடும். அன்று காற்று எந்தப் பக்கம், புழுக்கமாக இருந்ததா?

வடக்குசைட்:
ராத்திரி முழுக்கத் தென்கிழக்குக் காற்று, கடல் ஈரம், சட்டை ஒட்டுகிற மாதிரி புழுக்கம். காலையில்தான் வடமேற்காகத் திரும்பியது. மணி பார்த்தேன் மேடம், கலர் படம் முந்தின நாள் மதியம் எடுத்ததுதான், கதிர் சார் சொன்னது சரி.

மேகலா_வானிலை:
அப்படியானால் விளங்குகிறது. ஈரக்காற்று 10.8ஐவிட 12 மைக்ரானில் அதிகம் உறிஞ்சும், அதாவது தூசி ஒரு பக்கம் இழுத்தால் ஈரம் எதிர்ப்பக்கம் இழுக்கும், இரண்டும் கழிந்து ரோஸ் காணாமல் போகும். அன்று ஈரமும் ஆறிய தரையும் சேர்ந்துகொண்டன. இனிமேல் ஒரு படத்தோடு விட்டுவிடாதீர்கள், கடைசி மூன்று மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள், தனிப்படத்தில் தெரியாத மங்கலான விளிம்பு நகரும்போது கண்ணுக்குப் பிடிபடும்.

கதிர்_தொலையுணர்வு:
ஏஓடி கேட்டிருந்தீர்களே. தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள துகள்கள் நேர் வெளிச்சத்தை எவ்வளவு மறிக்கின்றன என்பதன் கணக்கு அது. 1 என்றால் செங்குத்தாக வரும் நேர் ஒளியில் சுமார் 37 சதவீதம் தரைக்கு வரும், 3 என்றால் 5 சதவீதம். ஆனால் தூசி 4 கிலோமீட்டர் உயரத்தில் போனாலும் எண் ஏறிவிடும், கீழே உங்கள் ஆட்கள் மூச்சுவிடுவது நல்ல காற்றாகவே இருக்கலாம். உயரத்தைச் சொல்ல லைடார் வேண்டும், அதாவது லேசர் ஒளியை அனுப்பி அளக்கும் கருவி. 2006இல் போன காலிப்சோ செயற்கைக்கோள் அதைத்தான் செய்தது, தூசித்துகள் உருண்டையாக இல்லாததால் திரும்பிவரும் லேசர் ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) மாறும், அதை வைத்துப் புகையையும் தூசியையும் பிரித்தது. 2023இல் அதன் பணி முடிந்தது, 2024 மே மாதம் லைடாரோடு எர்த்கேர் செயற்கைக்கோள் போயிருக்கிறது. இந்த லைடார் நூல் போன்ற ஒரு கோட்டின் கீழ்தான் பார்க்கும், தினமும் உங்கள் சைட்டுக்கு மேல் வராது. ஆகவே சாரத்தில் ஆளை ஏற்றுவதா என்பதற்கு ஏஓடி மட்டும் போதாது.

பஸ்ராபாதை:
நானும் வளைகுடாவில் 11 வருடம் சைட்டில் இருந்தவன். வடமேற்குக் காற்று வந்தால் தூசி தெற்கு இராக் சமவெளியிலிருந்துதான் வரும், அதனால் நாசிரியா, பஸ்ரா விமான நிலையங்களின் பார்வைத்தூரம் என்ன என்று ஆன்லைனில் பாருங்கள். 2022 மே மாதம் குவைத் விமான நிலையத்தையே தற்காலிகமாக மூடினார்களே, அந்த நாட்களிலும் இராக்கில் முதலில் அடித்துவிட்டுத்தான் நம் பக்கம் வந்தது. காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தூசி வர இரண்டு மணி நேரம், ஆட்களை இறக்க அது போதும். முதல் நாளே திட்டம் போட பார்சிலோனா மையத்தின் தூசி முன்னறிவிப்பு இருக்கிறது, பல கணினி மாதிரிகளின் கணிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள், இலவசம்தான். சைட்டில் காற்றிலுள்ள நுண்தூசியை அளக்கிற ஒரு பிஎம் 10 மீட்டர் வாங்கித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள் தம்பி, வாயால் கேட்டால் நடக்காது.

வடக்குசைட்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஐந்து மணிக்கு நாசிரியாவில் பார்வைத்தூரம் 1500 மீட்டர் என்று காட்டியது, படங்களை ஓடவிட்டதில் விளிம்பும் நகர்ந்து வருவது தெரிந்தது. சார வேலையை மதியத்துக்குத் தள்ளிவிட்டேன், அந்தத் தம்பியை ஸ்டோருக்குள் வேலைக்குப் போட்டிருக்கிறேன். மீட்டர் கேட்டு மெயிலும் அனுப்பியாயிற்று.