வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் சட்டப்படி, இந்தப் பக்கம் குற்றம்: லாட்டரி எங்கே எப்படி நடக்கிறது?

கோவைவாசி கேட்டது:
என் பெரியப்பா மாதம் இரண்டு முறையாவது பேருந்தில் வாளையாறு சென்று கேரள லாட்டரிச் சீட்டு வாங்கி, கைப்பேசி உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரும்புகிறார். அங்கே அரசே விற்கும் சீட்டை இங்கே விற்றால் வழக்குப் பாய்வது ஏன்? வீட்டிலிருந்தபடியே கேரளச் சீட்டு வாங்கலாம் என்று வாட்ஸாப்பில் ஒருவர் அவரிடம் பணம் கேட்கிறார், அனுப்பலாமா? வெளிநாடுகளில் நிலைமை என்ன?

சட்டமாணவி:
முதலில், பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். கேரள அரசு காகிதச் சீட்டை மட்டுமே விற்கிறது. இணைய விற்பனை அதற்குக் கிடையாது.

1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், மாநில அரசு தானே சீட்டு அச்சிட்டுத் தன் எல்லைக்குள் குலுக்கல் நடத்த அனுமதிக்கிறது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்கும் உரிமையையும் மாநிலங்களுக்குத் தருகிறது. ஆனால் அப்படித் தடுக்கும் மாநிலம் தானும் லாட்டரி நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தெளிவுபடுத்தியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அண்ணா காலத்தில் சீட்டு விற்ற தமிழ்நாடு, 2003இல் எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்திய கேரளம் இன்றுவரை நிறுத்தவில்லை.

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் 1968 முதல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அமைப்பு லாட்டரியை நடத்துகிறது. இங்குள்ள நம்மவர்கள் 'நாலு நம்பர்' என்று சொல்லும் ஃபோர்-டி ஆட்டத்தில் 0000 முதல் 9999 வரை ஓர் எண்ணின்மீது பணம் கட்ட வேண்டும். விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணைப் பார்த்துவிட்டு அன்று மாலையே கடைக்கு ஓடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே எண்ணில் பணம் அளவுக்கு மீறிக் குவிந்தால், அந்த எண் தீர்ந்துவிட்டது என்று விற்பனையை நிறுத்திவிடுவார்கள்.

கணக்கை உங்கள் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். 'பிக்' என்ற வகையில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினால் முதல் பரிசு 2000, இரண்டாவது 1000, மூன்றாவது 490. அதன் பிறகு 250 வெள்ளிப் பரிசுகள் பத்து, 60 வெள்ளிப் பரிசுகள் பத்து. மொத்தம் 6590. பத்தாயிரம் எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டியவனுக்குத் திரும்பக் கிடைப்பது இவ்வளவுதான். மீதி 3410 வெள்ளி போனது போனதுதான். எண் ராசியானதா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

லெஸ்டர்தமிழன்:
லாட்டரியைவிட இணையச் சூதாட்டம்தான் எனக்கு அச்சம் தருகிறது, ஏனென்றால் நாலு நம்பர் குலுக்கலுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், கைப்பேசியில் படங்களைச் சுழலவிட்டுப் பணம் கட்டும் ஸ்லாட் ஆட்டத்திலோ சில நொடிகளில் அடுத்த சுற்று வந்துவிடும். என் சித்தப்பா மகன் ஓர் இரவில் ஒரு மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு, விடியும்வரை படுக்கையில் உட்கார்ந்திருந்தான். பிரிட்டன் இதைத் தடை செய்யவில்லை. உரிமம் கொடுத்துக் கடிவாளம் போடுகிறது. 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. 2025 முதல் இணைய ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் கட்ட முடியாது. 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டுதான் உச்சம். சூதாட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் (GAMSTOP) என்ற பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொண்டால் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் நம்மை வெளியே நிறுத்திவிடும். அவனைக் காப்பாற்றியது அதுதான். இந்தியா 2025இல் வேறு வழியில் போயிற்று: திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று பாராமல், பணம் கட்டி விளையாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் நாடாளுமன்றம் தடை செய்தது.

கோவைவாசி:
அனைவருக்கும் நன்றி. வாட்ஸாப் எண்ணை முடக்கிவிட்டேன். கேரளச் சீட்டில் தமிழ்நாட்டுக்காரருக்குப் பரிசு விழுந்தால் கொடுப்பார்களா?

சட்டமாணவி:
கொடுப்பார்கள். அசல் சீட்டையும் அடையாளச் சான்றுகளையும் 30 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். பெரிய பரிசாக இருந்தால் முகவர் கழிவும் வருமான வரியும் பிடித்தது போகத்தான் கைக்கு வரும். சீட்டைக் கைப்பேசி உறைக்குள் மடித்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், எண் அழிந்தால் பரிசு கிடைக்காது.