சிவப்பு அட்டை ராத்திரிகள்: நீங்க எங்க உட்கார்ந்து பார்த்தீங்க?

குருசுக்குப்பம்:

கால்பந்து உலகக் கோப்பை மாதிரி ஆட்டத்துல ஒரு பெரிய வீரர் நிதானம் இழந்ததை நேரடி ஒளிபரப்புல பார்த்தவங்க எழுதுங்க. யாருக்கு எத்தனை கார்டுன்னு தேடினா கிடைச்சிடும். அந்த நேரம் உங்க வீட்டுல என்ன நடந்துச்சு, அதுதான் வேணும். நானே ஆரம்பிக்கிறேன்.

2006 ஜூலை 9, பெர்லின் இறுதி ஆட்டம், பிரான்ஸ் - இத்தாலி. நம்ம ஊர்ல ராத்திரி பதினொன்றரைக்குத் தொடங்கினது. எங்க சின்ன தாத்தா வீட்டுல பதினஞ்சு பேர். தாத்தா சொல்தா. (வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்களைப் பாண்டியில அப்படித்தான் சொல்வோம்.) சின்ன வயசுல அல்ஜீரியாவுல இருந்தவர். பிரான்ஸ் கேப்டன் ஜிதானோட அப்பா அம்மா அல்ஜீரியாவுல கபிலியா மலைப்பக்கத்து ஆளுங்க. அதனாலயோ என்னவோ, "அந்தப் பையன்"னுதான் சொல்வாரே தவிர ஜிதான்னு பேர் சொல்ல மாட்டார்.

7-வது நிமிஷம் பெனால்டி. உலகக் கோப்பை ஃபைனல்ல, எதிர்ல இத்தாலி கோல்கீப்பர் பஃபோன் நிக்கறப்ப, ஜிதான் பந்தை மெதுவா தூக்கிப் போட்டார். கோல் கம்பியில பட்டு உள்ள விழுந்துச்சு. தாத்தா கைதட்டல. "திமிரைப் பாரு"ன்னு சிரிச்சார். 19-வது நிமிஷம் இத்தாலி ஆட்டக்காரர் மட்டராட்சி பந்தைத் தலையால முட்டி கோல் போட, 1-1. அதுக்கப்புறம் இழுபறி. 80-வது நிமிஷம் வாக்கில ஜிதானுக்குத் தோள்பட்டையில அடி. வெளிய போயிடுவார்னு நெனச்சோம், போகல. கூடுதல் நேரத்துல 104-வது நிமிஷம் அவர் தலையால அடிச்ச பந்தை பஃபோன் ஒரு கையால மேல தட்டிவிட்டார். ஜிதான் வானத்தைப் பார்த்து ஏதோ கத்தினார். என்னைக் கேட்டா அங்கேயே எல்லாம் முடிஞ்சிடுச்சு. மட்டராட்சி ஜிதானோட அக்காவைப் பத்தி என்ன சொன்னார்னு எல்லாரும் பேசறாங்க. சட்டையைப் பிடிச்சு இழுத்தது, தோள் வலி, தவறிப்போன கோல், 34 வயசு, கடைசி ஆட்டம், இதெல்லாம் சேர்ந்தது யாருக்கும் ஞாபகம் இல்ல.

இன்னொண்ணு. ஜிதான் மட்டராட்சி நெஞ்சுல தலையால முட்டினதை நாங்க யாரும் நேரா பார்க்கல! பந்து வேற பக்கம் போயிடுச்சு, கேமராவும் பந்து பின்னாடியே போச்சு. திரும்பி வந்தப்ப மட்டராட்சி தரையில கிடக்கறார். "இவனுங்க நடிப்பு இருக்கே"ன்னு என் மாமா இத்தாலிக்காரங்களைத் திட்ட ஆரம்பிச்சார். பாதித் திட்டுல ரீப்ளே போட்டான். மாமா வாய் அப்படியே நின்னுடுச்சு. சுக்கு காபித் தட்டோட வந்த பாட்டி "என்னடா, யாராவது செத்துட்டாங்களா?"ன்னு கேட்டாங்க.

தாத்தா எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். பெனால்டி ஷூட்அவுட் பார்க்கவே உள்ள வரல. பிரான்ஸ் ஆளு திரெசெகே அடிச்சது கம்பியில பட்டு வெளிய விழுந்து 5-3-ல தோத்தோம். (தோத்தோம்னுதான் வருது, மன்னிச்சுக்கோங்க.) அஞ்சு நாள் கழிச்சு ஜூலை 14-க்கு மெடல் எல்லாம் குத்திக்கிட்டு பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் போனார். அங்க இருந்த கிழவங்க எல்லாம் இதே பேச்சாத்தான் இருந்தாங்களாம்.

மஞ்சக்குப்பம்:

நான் கடலூர். மாவட்ட அளவில் 22 வருடம் விசில் ஊதியவன், அதனால் நான் பார்க்கும் பக்கம் கொஞ்சம் வேறு.

குருசுக்குப்பம் தம்பி, உங்கள் வீட்டில் மட்டுமல்ல, நடுவர் எலிசோந்தோவும் அதைப் பார்க்கவில்லை. நான்காவது நடுவர் சொல்லித்தான் சிவப்பு அட்டை வந்தது. 110-வது நிமிடம். எங்கள் ஆட்களுக்கு இது தினசரிக் கதை. முதல் அடி எங்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கும். சத்தம் கேட்டுத் திரும்பும்போது கண்ணில் படுவது இரண்டாவது அடி.

1998-ல் சேன்ட் எட்டியென்னில் இங்கிலாந்து - அர்ஜென்டினா. இங்கிலாந்தின் பெக்காமைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியவர் அர்ஜென்டினாவின் சிமியோனே. தரையில் குப்புறக் கிடந்தபடியே பெக்காம் காலைத் தூக்கி ஓர் உதை விட்டார். அதில் பலமே கிடையாது, ஒரு குழந்தை கூட அழாது. ஆனால் நடுவர் நீல்சன் இரண்டு தப்படியில் நின்றுகொண்டிருந்தார். சிமியோனேவுக்கு மஞ்சள், பெக்காமுக்குச் சிவப்பு. பலர் என்னிடம் இதை அநியாயம் என்பார்கள். விதி தெளிவாக இருக்கிறது: அடிக்க முயன்றாலே போதும், அடி படவேண்டிய அவசியம் இல்லை. நானாக இருந்தாலும் சிவப்பைத்தான் எடுத்திருப்பேன்.

எடுத்தும் இருக்கிறேன். ஒரு பொங்கல் டோர்னமென்ட், எங்கள் மைதானம்தான். இடது விங்கில் ஓடிக்கொண்டிருந்த பையன் திடீரென்று திரும்பி எதிரணிப் பின்வரிசை ஆளைக் கழுத்தில் குத்தினான். கண் முன்னால் நடந்தது, வெளியே அனுப்பினேன். போகும்போது சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மூன்று இடத்தில் கன்றிச் சிவந்திருந்தது. ஆட்டம் முழுக்க அந்த ஆள் கிள்ளியிருக்கிறான். அட்டையைத் திரும்பப் பைக்குள் வைக்க முடியுமா? ஆட்டம் முடிந்ததும் அவன் அம்மா என் பைக் பக்கத்தில் வந்து நின்றார். திட்டவில்லை. "சார், உங்க கண்ணு முதுகுலயும் இருந்தா நல்லாயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மஞ்சள், சிவப்பு அட்டைகளுக்கு வழிசெய்த கென் ஆஸ்டனே 1962-ல் சிலி - இத்தாலி ஆட்டத்தில் விசிலோடு நின்று அவஸ்தைப்பட்டவர்தான். அங்கே குத்து, உதை எல்லாம் உண்டு. ஒரு கட்டத்தில் போலீஸ் மைதானத்துக்குள் வந்து ஆளைக் கூட்டிப் போனது. அட்டை யோசனை அவருக்குப் பின்னாளில் போக்குவரத்து சிக்னலைப் பார்த்தபோது வந்தது. 1970 உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது.

கடலூர் ஓ.டி.:

சார் கதைக்குப் பக்கத்துல என்னோடது சில்லறை. 2014, உருகுவே - இத்தாலி. உருகுவே ஆளு சுவாரஸ், இத்தாலி கியெல்லினி தோளைக் கடிச்சிட்டு, தன் பல்லைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார் பாருங்க, அதுல எங்க வீடே உருண்டுச்சு. எங்க அண்ணன் மகனுக்கு அப்ப ரெண்டு வயசு, ஆள் பார்த்தா கடிக்கிற பருவம். மறுநாள்லேர்ந்து அவன் பேரு சுவாரஸ். இப்ப வளர்ந்துட்டான், தெருவுல இன்னும் அதே பேருதான். நிஜ சுவாரஸுக்கு ஒன்பது ஆட்டம், நாலு மாசம் தடை. இவனுக்கு ஆயுள் தண்டனை.

லாஸ்பேட்டை:

அக்கா ஒருத்தி எழுதறேன், இடம் கொடுங்க. 2022 டிசம்பர் 9 ராத்திரி. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்துக்கிட்டிருக்கு. எங்க ஏரியாவுல கரண்ட் இல்ல, ஜன்னல் தடதடன்னு ஆடுது. நானும் தங்கச்சியும் போர்வைக்குள்ள போன்ல உலகக் கோப்பை கால் இறுதி, நெதர்லாந்து - அர்ஜென்டினா பார்க்கறோம். சார்ஜ் 31 சதவீதம்.

முடிய ஒண்ணு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப அர்ஜென்டினா பரேடஸ் ஒரு ஆளைக் காலை வாரிட்டு, விசில் ஊதினதும் பந்தை நெதர்லாந்து பெஞ்சைப் பார்த்து ஓங்கி உதைச்சார். மொத்த பெஞ்சும் உள்ள ஓடி வந்துச்சு. நெதர்லாந்து வான் டைக் வந்து மோதின வேகத்துல பரேடஸ் கீழ விழுந்தார். வெளிய புயல், உள்ள இது. தங்கச்சி "இவனுக்கு அறிவே இல்லையா?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல.

ஏன்னா அதே வேலையை நான் பண்ணியிருக்கேன். காலேஜ் படிக்கறப்ப உப்பளம் கிரவுண்டுல ஒரு செமி ஃபைனல். எதிர் டீம் பெஞ்சுல இருந்து ஒருத்தி முதல் பாதி முழுக்க என் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. கோச்கிட்ட சொன்னேன், "காதுல வாங்காதே"ன்னார். த்ரோ-இன் எடுக்க வேண்டிய பந்தைத் தரையில வெச்சு அந்த பெஞ்சைப் பார்த்து விட்டேன். அவ மேல படல. பக்கத்துல இருந்த அவங்க டீம் டாக்டரோட தண்ணி பாட்டில் பறந்துச்சு. பரேடஸுக்கு மஞ்சளோட போச்சு, எனக்கு நேரா சிவப்பு. வருத்தமான்னு கேட்டா, டாக்டர்கிட்ட மட்டும்.

மேட்ச் முடிவு எனக்கு மறுநாள்தான் தெரியும். நெதர்லாந்து வெக்ஹார்ஸ்ட் ரெண்டாவது கோல் போட்டு 2-2 ஆனதும் போன் செத்துடுச்சு.

மஞ்சக்குப்பம்:

அம்மா, அந்த ஆட்டத்தில் நான் நடுவராக இருந்திருந்தால் பரேடஸும் சிவப்போடுதான் போயிருப்பார். உங்கள் ஆட்டத்தில் முதலில் பேச வேண்டியது அந்த பெஞ்சோடுதான்.

கடலூர் ஓ.டி.:

குருசுக்குப்பம் அண்ணே, தாத்தா அப்புறமாவது அந்த மேட்சைப் பார்த்தாரா?

குருசுக்குப்பம்:

லாக்டவுன்ல என் பையன் யூடியூப்ல முழு மேட்சையும் டிவியில போட்டான். தாத்தா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெனால்டிக்கு மறுபடி "திமிரைப் பாரு"ன்னு சிரிச்சார். 104-ல பஃபோன் தட்டிவிட்டப்ப நாக்கைக் கடிச்சார். கடிகாரம் 108 தாண்டினதும் ரிமோட்டைக் குடுன்னு கையை நீட்டி டிவியை நிறுத்திட்டார். "தாத்தா, இன்னும் முடியலையே"ன்னு பையன் கத்தறான். "1-1டா, போய்ப் படு"ன்னுட்டு மருந்து டப்பாவைத் தேட ஆரம்பிச்சார்.