தொடக்க மதிப்புக்கு எச்0 என்ற பெயர் போதுமா?

காரைக்குடி மாணவி:
எங்கள் ஊர்க் கண்மாயில் மழைக்காலம் முடிந்தபிறகு தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பைத்தானில் ஒரு மாதிரி எழுதுகிறேன். ஆவியாவது, மண்ணில் கசிவது, மடை வழியாக வயலுக்குப் போவது, மூன்றையும் நாளுக்கு நாள் கழிக்க வேண்டும். நோட்டில் முதல் நாள் ஆழத்துக்கு எச் நாட் (எச்-க்குக் கீழே குட்டி 0, அதாவது எச்0) என்று எழுதினேன். ஆனால் மடையின் அடிமட்டத்துக்கும் புத்தகத்தில் அதே குறிதான் இருக்கிறது. நிரலில் எதை எப்படிப் பெயரிடுவது?

தேவகோட்டைக்காரன்:
தங்கச்சி, அந்தக் குட்டி 0-க்கு ஒரே அர்த்தம் இல்லை, குழப்பமே அங்கேதான். வி நாட் என்றால் தொடக்க வேகம், சரி. எப்சிலான் நாட் வெற்றிடத்தின் மின் மாறிலி, அதில் தொடக்கம் என்ற பேச்சே கிடையாது. 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் கொடுத்த தொற்றுநோய் மாதிரியின் வழியில் வருகிற, மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், குணமானவர் என்று பிரிக்கும் எஸ்ஐஆர் மாதிரியைப் பார்: ஆர்0 என்று எழுதினால் முதல் நாளில் குணமானவர்கள் எத்தனை பேர் என்றும் படிக்கலாம், ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற எண்ணாகவும் படிக்கலாம். இரண்டும் ஒரே நிரலில் வந்தால் படிக்கிறவர் கதி என்ன? பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகமான சைபையில் வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கும்போது கேட்கும் ஒய்0 உண்மையான தொடக்க நிலை, அதை மாற்றினால் விடை முழுவதும் மாறும். அதிலேயே சிறுமம் (மிகக் குறைந்த மதிப்பு) தேடும் மினிமைஸ் என்ற சார்பு கேட்கும் எக்ஸ்0 வெறும் ஊகம், எங்கிருந்தாவது தேட ஆரம்பிக்க வேண்டுமே என்பதற்காக. ஆகவே தொடக்க_ஆழம்_மீ, மடை_அடிமட்டம்_மீ என்று பிரித்து வை. அலகைப் பெயரிலேயே சேர்ப்பது ரொம்ப முக்கியம், கண்மாய்க் கணக்கில் அடியும் மீட்டரும் கலந்தே வரும்.

புதுவயல் நிரலர்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எல்லா இடத்திலும் நீளப் பெயர் வேண்டாம். பத்து வரிச் சார்புக்குள், சமன்பாட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற இடத்தில், எச்0 தான் கண்ணுக்கு எளிது. வெளியே தெரிகிற பெயர் மட்டும் நீளமாக இருக்கட்டும். அப்புறம், சுழற்சிக்குள் தொடக்க_ஆழம் என்ற மாறியையே குறைத்துக்கொண்டு போகாதே. ஆழம் என்று தனியாக ஒன்று எடுத்து அதைக் குறை. கடைசியில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கத் தொடக்க மதிப்பு கைபடாமல் இருக்க வேண்டும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும், கூடப் படிப்பவர்களுக்குத் தட்டச்சு வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்.

காரைக்குடி மாணவி:
நன்றி அண்ணே, இருவருக்கும். மடைக்குத் தனிப் பெயர் வைத்துவிட்டேன். கணக்கு ஜனவரி முதல் நாளில் இல்லாமல் தை முதல் நாளில் ஆரம்பித்தால் நேரத்துக்கும் டி0 என்று ஒன்று வேண்டுமா?

தேவகோட்டைக்காரன்:
வேண்டும். தொடக்க_நாள் என்று வை, சுழியம் என்று எடுத்துக்கொள்ளாதே. மழைத் தரவு வேறு தேதியில் ஆரம்பித்தால் அங்கே உதைக்கும்.