பிராட்ஃபோர்டு தீ, 1985: கதவு பூட்டியிருந்ததா இல்லையா?

லீட்ஸ்காரன்: நேற்று கிரிக்கெட் திரியில் செல்வா போகிற போக்கில் ஒன்றை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார்: "பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் செத்தவர்கள் பதறிப் பின்பக்கம் ஓடி மிதிபட்டவர்கள். முன்னால் புல்தரைக்கு இறங்கியிருந்தால் பிழைத்திருப்பார்கள். கதவு பூட்டியிருந்தது என்பதெல்லாம் பத்திரிகைக்காரன் விட்ட கதை." படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, அதனால் தனித் திரி. 1985 மே 11, சனிக்கிழமை, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து வேலி பரேட் கால்பந்து மைதானம். மூன்றாம் டிவிஷனை வென்ற கோப்பையை ஆட்டத்துக்கு முன்னால்தான் பிராட்ஃபோர்டு சிட்டி கையில் வாங்கியது, எதிரே லிங்கன் சிட்டி, பதினோராயிரம் பேர் கூட்டம். இடைவேளைக்குச் சில நிமிடம் இருக்கும்போது மரத்தால் ஆன பழைய பிரதான ஸ்டாண்டில் தீ. நாலு நிமிடத்துக்குள் ஸ்டாண்ட் முழுக்கப் போய்விட்டது. 56 பேர். பின்பக்கத்து டர்ன்ஸ்டைல் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்வாயில்) கதவுகள் பூட்டியிருந்தன. திரும்பவும் சொல்கிறேன், பூட்டியிருந்தன.

சேப்பாக்கம் செல்வா: வந்துட்டாரய்யா லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். எல்லாக் கதவும் பூட்டியிருந்தால் பின்பக்கம் போன ஒருவர்கூடத் தப்பியிருக்க முடியாதே? ஏழு வழிகள் திறந்திருந்தன அல்லது உடைத்துத் திறக்கப்பட்டன. ஏழு. எண்ணத் தெரியும்தானே?

லீட்ஸ்காரன்: "அல்லது உடைத்துத் திறக்கப்பட்டன" என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். பூட்டாத கதவை எவனாவது உடைப்பானா? ஒரு கதவை மூன்று பேர் சேர்ந்து மோதி உடைத்தார்கள், இன்னொன்றை வெளியே இருந்தவர்கள் திறந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எண்ணிக்கை 56-ல் நின்றிருக்காது. உங்கள் ஏழு எனக்குத்தான் சாட்சி.

கணக்கு வாத்தியார்: நண்பர்களே, முதலில் "பூட்டியிருந்தது" என்றால் என்ன என்று முடிவு செய்துகொள்ளலாமா? சாவி போட்ட பூட்டா, தாழ்ப்பாளா, சும்மா சாத்தியிருந்ததா?

சேப்பாக்கம் செல்வா: ஏழு.

லீட்ஸ்காரன்: வாத்தியார் சார், எரிகிற கூரைக்குக் கீழே நிற்கிறவனிடம் போய் இது தாழ்ப்பாளா பூட்டா என்று கேளுங்கள். பின்பக்கம் ஒரு வெளிவாசல் அருகிலும் டர்ன்ஸ்டைல்களிலும் மட்டும் 27 உடல்கள் கிடந்தன. உள்ளே வந்த வழியாகவே வெளியே போக நினைப்பது மனித இயல்பு, அதை "பதற்றம்" என்று சொல்ல மனசு வேண்டும். செத்தவர்களில் பாதிப்பேர் இருபதுக்குக் கீழே அல்லது எழுபதுக்கு மேலே. எழுபது வயசுக்காரரை முன்பக்கத்துச் சுவர் தாண்டிக் குதித்திருக்க வேண்டும் என்கிறாரா செல்வா?

நாகைக் காற்று: அண்ணே, ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பிவேலி இருந்ததால்தானே அத்தனை பேர் செத்தார்கள்? இங்கேயும் வேலிதானா?

லீட்ஸ்காரன்: தம்பி, அது 1989, தீயே இல்லை, நெரிசல். வேலி பரேடில் அந்த ஸ்டாண்டுக்கு முன்னால் கம்பிவேலி இல்லை, சுவர்தான். அதனால்தான் ஆயிரக்கணக்கானவர் புல்தரையில் இறங்கிப் பிழைத்தார்கள். இரண்டையும் குழப்பாதே.

சேப்பாக்கம் செல்வா: ஆக, முன்னால் போனவர்கள் பிழைத்தார்கள் என்று ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான். நன்றி, வணக்கம்.

லீட்ஸ்காரன்: நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத் திரியிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள், பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்து வெற்றி அறிவிப்பது. அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தேன்.

சேப்பாக்கம் செல்வா: விட்டுக்கொடுத்தீர்களா? பதில் இல்லாமல் ஒரு வாரம் காணாமல் போனதற்கு அப்படி ஒரு பெயரா?

பழைய பேப்பர்: எனக்கு மறக்காத விஷயம் அந்தக் குப்பை. இருக்கைகளுக்கு அடியில் பலகை இடுக்கு வழியாக வருஷக்கணக்கில் விழுந்து சேர்ந்தது. தீக்குப் பிறகு தோண்டியபோது 1968-ஆம் வருஷத்துச் செய்தித்தாள் கிடைத்திருக்கிறது, தசம நாணய முறைக்கு முந்தைய பழைய காசு விலை போட்ட கடலை உறையும். கவனமில்லாமல் போடும் ஒரு சிகரெட் போதும் என்று 1984-லேயே கிளப்புக்குக் கடிதம் போயிருக்கிறது. புதுக் கூரைக்கான இரும்பு வந்து ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே கிடந்தது. ஆட்டத்துக்கு மறுவாரம் வேலை தொடங்க இருந்தார்களாம். நினைத்தாலே வயிறு எரிகிறது.

உண்மை விளம்பி: சிகரெட்டாவது மண்ணாவது. அந்தக் கிளப் தலைவரின் தொழிலிடங்களில் அதற்கு முன்பே எட்டுத் தீ விபத்துகள். அப்பா, தம்பி, சித்தப்பா, தாத்தா நால்வரையும் அந்த ஸ்டாண்டில் பறிகொடுத்தவர் 2015-ல் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. தோண்டினால் வேறு கதை வரும்.

லீட்ஸ்காரன்: அவர் கேள்வி கேட்க எல்லா உரிமையும் உள்ளவர், உங்களுக்கு இல்லை. விசாரணை நடத்திய நீதிபதி பாப்பிள்வெல் அது விபத்து என்ற முடிவிலிருந்து கடைசிவரை நகரவில்லை. திரி கதவைப் பற்றியது. கதவுக்கு வாருங்கள்.

பழைய பேப்பர்: திரி கதவைப் பற்றியது என்று யார் முடிவு செய்தது? நினைவுநாள் திரி என்று நினைத்து வந்தேன். தீக்காயத்துக்குச் சிகிச்சை செய்த டேவிட் ஷார்ப் என்ற மருத்துவர் வெந்த கையை உயர்த்தி வைக்க ஒரு தொங்கல் கட்டு வடிவமைத்தார், "பிராட்ஃபோர்டு ஸ்லிங்" என்று பெயர். அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டீர்கள்.

சேப்பாக்கம் செல்வா: அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். அது பிராட்ஃபோர்டு இல்லை, பிராட்ஃபர்ட். அங்கே இருக்கிறவருக்கே ஊர் பெயர் எழுதத் தெரியவில்லை.

லீட்ஸ்காரன்: நான் இருப்பது லீட்ஸ், பக்கத்து ஊர், பெயரிலேயே இருக்கிறது. மே 11 காலையில் பிராட்ஃபோர்டு சென்டினரி ஸ்கொயரில் போய் நின்றிருக்கிறேன். ஜெர்மனியின் ஹாம் நகரம் கொடுத்த நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது, 56 பெயர்களோடு. மழையில் கிழவர்கள் தொப்பியைக் கழற்றி நிற்பதைப் பார்த்திருந்தால் "மிதிபட்டவர்கள்" என்ற சொல் உங்கள் விரலில் வந்திருக்காது. 1987-ல் நஷ்டஈட்டு வழக்கிலும் தீர்ப்பு வந்தது: மூன்றில் இரண்டு பங்குப் பொறுப்பு கிளப்புக்கு, ஒரு பங்கு கவுண்டி கவுன்சிலுக்கு (மாவட்ட நிர்வாக மன்றம்). ஓடியவர்கள் மீது எந்த நீதிபதியும் பங்கு போடவில்லை.

கணக்கு வாத்தியார்: பூட்டு என்பதன் பொருள் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சேப்பாக்கம் செல்வா: தீர்ப்பில் கதவு என்ற சொல் எங்கே வருகிறது, பக்கம் எண் கொடுங்கள். அதுவரை ஏழுதான்.

லீட்ஸ்காரன்: பக்கம் எண் ஞாயிற்றுக்கிழமை தருகிறேன், வேலை இருக்கிறது. 2019 திரியையும் மறுபடி திறக்கிறேன். பூட்டியிருந்தது.

நாகைக் காற்று: அண்ணே, அந்த ஆட்டம் எத்தனைக்கு எத்தனை?

பழைய பேப்பர்: 0–0 தம்பி. இடைவேளைக்கு முன்பே நின்றுவிட்டது.