செங்கோட்டை சிபியு எழவில்லை (ஆச்சி வீட்டுக் குழு)

அக்டோபர் 18

செங்கோட்டை சித்தி: யாராவது இருக்கிறீர்களா. நேற்று ராத்திரி இடித்த இடியில் இருந்து கடைக் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. பட்டனை அழுத்தி அழுத்தி விரல்தான் வலிக்கிறது. இவர் காலையில் இருந்து சாப்பிடாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்

தென்காசி பெரியம்மா: இங்கேயும் பயங்கர இடி. எதிர்வீட்டு ஃப்ரிட்ஜ் போச்சாம்

சித்தப்பா: கடைக் கணக்கு எழுதுகிற டேலி மொத்தமும் அதில்தான் இருக்கிறது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி, போன மாத வரிக் கணக்கு, போட்டாக வேண்டும். கடையில் போன் பண்ணிக் கேட்டேன், உள்ளே இருக்கிற மெயின் போர்டு, அதான் மதர்போர்டு, போயிருக்கும், புதுசாகவே எடுத்துவிடுங்கள் என்கிறார்கள்

புனலூர் மாமா: போனிலேயே மதர்போர்டைப் பார்த்துவிட்டார்களா, கெட்டிக்காரர்கள்தான். மாப்பிள்ளை, முதலில் சாப்பிடுங்கள். ஐப்பசி இடி மலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காது, இங்கே எங்கள் தெருவிலும் ஒரு மோடம் போயிருக்கிறது. போனது எது என்று சுவரில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவோம்

கொல்லம் தம்பி: சித்தப்பா, பேசாமல் லேப்டாப் வாங்குங்கள் 😎

சித்தப்பா: நீ பணம் அனுப்பு, வாங்குகிறேன்

புனலூர் மாமா: மருமகன் புளியரையில்தானே இருக்கிறான், அவனை அங்கே போகச் சொல். மல்டிமீட்டரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொள்

நான்: வந்துவிட்டேன் மாமா. பிளக் பாயிண்டில் போன் சார்ஜர் ஏறுகிறது. மானிட்டரில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. சிபியுவில் ஒன்றுமே இல்லை, விசிறிகூட அசையவில்லை

புனலூர் மாமா: மானிட்டர் ஒயரும் சிபியு ஒயரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், மானிட்டர் ஒயரைக் கழற்றி இதில் மாட்டிப் பார். பின்னால் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டி, அதன் பக்கத்தில் சின்ன சுவிட்ச் இருக்கும், அது கோடு போட்ட பக்கம் அழுந்தி இருக்க வேண்டும், வட்டம் என்றால் ஆஃப். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அமர்ந்துபோய், மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்த வீடெல்லாம் உண்டு

புனலூர் மாமா: சிவப்பு நிறத்தில் 115, 230 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதை யாரும் தொடக்கூடாது. நம் ஊர் 230 வோல்ட் கரண்டை 115இல் வைத்துக் கொடுத்தால் பட்டாசுதான்

நான்: ஒயர் மாற்றியாயிற்று, சுவிட்சும் சரி. மாற்றமில்லை. மூடியைத் திறந்துவிட்டேன். [படம்]

செங்கோட்டை சித்தி: ஐயோ அவ்வளவு தூசியா. போட்டோவை ஏன் குழுவில் போடுகிறாய்

தென்காசி பெரியம்மா: 😂😂

புனலூர் மாமா: போர்டில் எங்காவது சின்ன விளக்கு எரிகிறதா? பல போர்டுகளில் பட்டனை அழுத்தாவிட்டாலும் பிளக் சொருகியிருந்தால் ஒன்று எரியும், அது எஸ்எம்பிஎஸ் எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் 5 வோல்ட். அதுவும் இல்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான் போகிறது, மதர்போர்டு மேல் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி போடு. ஏதாவது கோளாறில் தானாகவே பூட்டிக்கொண்டிருந்தால் சில நேரம் அதிலேயே விடும்

நான்: விளக்கு இல்லை. பிடித்து விட்டும் பார்த்தேன், இல்லை. லேசாகக் கருகல் வாடை வருகிறது மாமா, எஸ்எம்பிஎஸ் ஓட்டைப் பக்கம் மூக்கை வைத்தால்

சித்தப்பா: உள்ளே ஃபியூஸ் இருக்கும் இல்லையா மச்சான்? திறந்து மாற்றிவிடட்டுமா

புனலூர் மாமா: வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் டிசி ஆனதும் 325 வோல்ட் பக்கம் வரும், அது கரண்டைத் தேக்கி வைக்கிற பெரிய கண்டென்சரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். சும்மா ஃபியூஸ் போகாது, பெரும்பாலும் உள்ளே ஒன்று ஷார்ட் ஆகித்தான் ஃபியூஸ் போயிருக்கும், நீங்கள் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் டப். டிவி ரிப்பேர் பார்த்த காலத்தில் நானே சீரியல் பல்பு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்த வழியில் ஒரு குண்டு பல்பு, போடாமல் இந்த மாதிரி சாமானுக்குக் கரண்ட் கொடுக்க மாட்டேன்

ஆச்சி (பெரியம்மா போனில் இருந்து): [குரல் செய்தி 0:41]

தென்காசி பெரியம்மா: மழை நேரத்தில் கரண்டில் யாரும் கை வைக்கக்கூடாதாம், அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே வையுங்கள் என்கிறார். அப்புறம் சித்தப்பாவுக்கு இரண்டு தோசை கூடுதலாக வைக்கச் சொன்னார்

புனலூர் மாமா: அம்மாவிடம் சொல், பெட்டிக்குள் யாரும் கை வைக்கவில்லை என்று. மருமகனே, இப்போது ஜெம் கிளிப் டெஸ்ட். பிளக்கைப் பிடுங்கு. போர்டுக்குப் போகிற 24 பின் பெரிய கனெக்டர், 4 பின்னோ 8 பின்னோ இருக்கிற பிராசஸர் கனெக்டர், ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றையும் கழற்று. சில எஸ்எம்பிஎஸ் சுமையே இல்லாமல் ஓடாது, அதனால் அந்தப் பழைய டிவிடி டிரைவை மட்டும் விட்டுவை. 24 பின்னில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணை, அதற்குப் பிறகுதான் பிளக் போட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்ப மதர்போர்டு செய்கிற வேலையை கிளிப் செய்கிறது, அவ்வளவுதான். எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் நிறுத்து, எனக்குப் படம் அனுப்பு

நான்: கலர் கலராகத்தான் இருக்கிறது. கிளிப் போட்டேன். விசிறி சுற்றவில்லை. டிவிடி டிரைவும் செத்த மாதிரி

புனலூர் மாமா: கிளிப்பை எடுத்துவிடு. பிளக் போட்டபடியே ஊதா ஒயரில் மீட்டரை வை, கறுப்பு முனை கறுப்பு ஒயரில். கிளிப் இல்லாமலே அங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும்

நான்: 0.02

புனலூர் மாமா: சரி, முடிந்தது. எஸ்எம்பிஎஸ் காலி. போர்டும் போயிருக்கிறதா என்று இன்னும் தெரியாது, ஆனால் போர்டு போயிற்று என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. புது எஸ்எம்பிஎஸ் போட்டால்தான் தெரியும்

கொல்லம் தம்பி: மாமா, என் பழைய கேமிங் பிசி எஸ்எம்பிஎஸ் 650 வாட் சும்மா கிடக்கிறது. நாளைக் காலை ரயிலில் வருகிற நண்பனிடம் கொடுத்து அனுப்பட்டுமா? ஒயர் மட்டும் தேட வேண்டும், எங்கே வைத்தேன் தெரியவில்லை, வேறு பிராண்ட் ஒயர் ஒன்று இருக்கிறது, பொருந்துகிறது

புனலூர் மாமா: பொருந்தும், ஆனால் மாட்டக்கூடாது! கழற்றி மாட்டுகிற மாதிரி ஒயர் என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் என்ன வரும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்ட் டிஸ்க் போய்விடும். டேலி மொத்தமும் அதில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை இப்போதுதான் சொன்னார்

கொல்லம் தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: எத்தனை வாட் வாங்க வேண்டும்? பழையதில் 450 என்று போட்டிருக்கிறது

புனலூர் மாமா: கேபினெட்டோடு இலவசமாக வருகிறதில் 450 என்று போட்டிருப்பதை நான் நம்பமாட்டேன். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், காற்று மாதிரி இருக்கும். உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, கணக்குப் போடுகிற மெஷின், 150 வாட் தாண்டுவதே கஷ்டம். பேர் சொல்லுகிற கம்பெனியில் 400, 450 போதும், மூன்று வருஷமாவது வாரண்டி பாருங்கள். 80 பிளஸ் என்ற முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது கரண்டை வீணாக்காது என்பதற்கான முத்திரை, இடியைத் தாங்கும் என்பதற்கு இல்லை

நான்: தென்காசியில் நாளை காலை வாங்கிவிடுகிறேன். இப்போது மழை பிடித்துவிட்டது

அக்டோபர் 19

சித்தப்பா: மருமகன் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான், நானே மாட்டினேன். விசிறி எல்லாம் சுற்றுகிறது!! ஆனால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரன் சொன்னதுதான் சரி போல

செங்கோட்டை சித்தி: மறுபடி சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்

புனலூர் மாமா: விசிறி சுற்றினால் எல்லாம் சரி என்றும் இல்லை, படம் வரவில்லை என்றால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பிராசஸர் விசிறிக்குப் பக்கத்தில்

சித்தப்பா: [படம்]

நான்: சித்தப்பா, விசிறிக்கு மேலே இடது ஓரத்தில் நாலு ஓட்டை சாக்கெட் காலியாக இருக்கிறது பாருங்கள்

புனலூர் மாமா: அதேதான். 24 பின் போர்டுக்கு, அந்த நாலு பின் பிராசஸருக்கு. அது இல்லாவிட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், பிராசஸருக்கு மட்டும் சாப்பாடு கிடையாது. புது எஸ்எம்பிஎஸ்ஸில் அது நாலும் நாலுமாகப் பிரிகிற எட்டு பின்னாக இருக்கும், அதில் ஒரு பாதியை மாட்டினால் போதும். கிராபிக்ஸ் கார்டுக்கான ஒயரும் பார்க்க அதே மாதிரி இருக்கும், அதைத் திணிக்காதீர்கள், ஒயரில் சிபியு என்று எழுதியிருப்பதை எடுங்கள், அங்கே சிபியு என்றால் பிராசஸர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு!

சித்தப்பா: வந்துவிட்டது வந்துவிட்டது 🙏🙏 எஃப்1 அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், விண்டோஸ் வந்தது. டேலி திறக்கிறது. எல்லாக் கணக்கும் இருக்கிறது

தென்காசி பெரியம்மா: பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்

சித்தப்பா: ஆனால் ஜிஎஸ்டி சைட் திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று சிவப்பாக வருகிறது. எந்த சைட்டைப் போட்டாலும் அப்படித்தான். இடியில் நெட்டும் போச்சா?

நான்: கீழே மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

சித்தப்பா: ஜனவரி 1, 2018

நான்: அதுதான் சித்தப்பா. போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, அது தீர்ந்திருக்கிறது. இத்தனை நாள் பிளக்கில் இருந்தே கடிகாரம் ஓடியிருக்கும், இப்போது கரண்ட் முழுசாக நின்றதும் தேதி பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று. 2018இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அதெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ், பிரவுசர் நம்பாது. இப்போதைக்குத் தேதியைக் கையால் மாற்றுங்கள், பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும்

சித்தப்பா: திறந்துவிட்டது. 3பி போட உட்காருகிறேன், யாரும் கூப்பிட வேண்டாம்

புனலூர் மாமா: போடுவதற்கு முன்னால் டேலி பேக்கப் ஒன்று பென் டிரைவில் எடுங்கள். அப்புறம் தங்கச்சி, ஒரு கேள்வி. அந்த சிபியு பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்குமா?

செங்கோட்டை சித்தி: ஆமாம் அண்ணா, ரொம்ப வருஷமாக. ஈரக்கையோடு துடைக்கும்போது நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்

புனலூர் மாமா: அப்படி இல்லை. எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கண்டென்சர் உண்டு, எர்த் இருந்தால் அதன் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் வருகிற வோல்டேஜில் பாதி, அதாவது 115 பக்கம், பெட்டியின் தகரத்திலேயே நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுருக் மட்டும். ஆனால் வேறு ஏதாவது உள்ளே கசிந்தால் அதே தகரம் ஆளைக் கொல்லும். திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்க நீங்கள் வைத்திருக்கிற ஸ்பைக் பாக்ஸும் எர்த் இல்லாவிட்டால் பாதி வேலைதான் செய்யும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள், புது கம்ப்யூட்டரை விட அதுதான் அவசரம். இடி இடித்தால் பவர் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்குங்கள், அந்த வழியாகவும் வரும்

செங்கோட்டை சித்தி: சாயங்காலம் வருகிறாராம்

சித்தப்பா: 3பி போட்டாயிற்று ✅

செங்கோட்டை சித்தி: எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். பின்வாசலில் சிமெண்ட் போட்டபோது எர்த் ஒயரை வெட்டிவிட்டு மேலேயே பூசிவிட்டார்களாம். புதுக்குழி தோண்ட வேண்டுமாம்

சித்தப்பா: செம்பருத்திச் செடி இருக்கிற இடத்தில்தான் தோண்ட வேண்டும் என்கிறார்

செங்கோட்டை சித்தி: அங்கே தோண்ட முடியாது. வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்